ஆர்க்கைவ் செய்த மின்னஞ்சல் எங்கே இருக்கிறது, அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

முக்கியமான மின்னஞ்சல் ஒன்று காணாமல் போய்விட்டது என்று வருந்துபவரிடம் "ஆர்க்கைவில் பார்த்தீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "நான் அப்படி எதையும் செய்யவில்லையே" என்பது ஒன்று. "என் கணக்கில் ஆர்க்கைவ் என்று ஒரு பெட்டியே இல்லையே" என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையான பதில்கள்தாம். ஒருவர் தாம் அறியாமலேயே ஒரு மடலை ஆர்க்கைவ் செய்திருக்க முடியும். அந்தப் பெயரில் ஒரு பெட்டியே இல்லாத கணக்கிலும் ஆயிரக்கணக்கான மடல்கள் ஆர்க்கைவ் ஆகிக் கிடக்க முடியும்.

இந்தச் சொல்லைச் சிலர் அழிப்பதற்கு ஒரு மென்மையான பெயர் என்று நினைக்கிறார்கள். சிலர் அதைப் பாதுகாப்புப் பெட்டகம் என்று கருதுகிறார்கள். வேறு சிலர், சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தும் வழி என்று நம்பி, மாதந்தோறும் நூற்றுக்கணக்கான மடல்களை ஆர்க்கைவ் செய்கிறார்கள். மூன்றும் தவறு. "ஆர்க்கைவ் ஆனது எங்கே?" என்ற கேள்விக்கு எல்லாச் சேவைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது என்பதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். இரண்டு வேறுபட்ட ஏற்பாடுகள் ஒரே பெயரில் வழங்குகின்றன. உங்கள் கணக்கு அவற்றில் எந்த வகை என்பது தெரிந்துவிட்டால், தேடுவதும் மீட்பதும் சில நிமிட வேலையாகிவிடும்.

மேசை, அலமாரி, குப்பைக்கூடை

வீட்டுக்கு வரும் கடிதங்களை வைக்க ஒரு மேசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படித்து முடித்த கடிதத்தை மூன்றில் ஒன்று செய்யலாம்: மேசையிலேயே விட்டுவிடலாம், குப்பைக்கூடையில் போடலாம், அல்லது அலமாரிக்குள் எடுத்து வைக்கலாம். மேசை என்பது இன்பாக்ஸ், அதாவது புதிய மடல்கள் முதலில் வந்து சேரும் பட்டியல். குப்பைக்கூடை என்பது டிராஷ். நீக்கிய மடல்கள் சில நாள்கள் மட்டும் காத்திருக்கும் இடம். அலமாரிக்குள் வைப்பதற்கு நிகரானதுதான் ஆர்க்கைவ். தமிழ் இடைமுகங்களில் இதைக் காப்பகப்படுத்துதல் என்கிறார்கள்.

கூடைக்கும் அலமாரிக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு கெடு. கூடையில் போட்டவற்றுக்குக் கெடு உண்டு. ஜிமெயிலில் டிராஷுக்குப் போன மடல் 30 நாள்களுக்குப் பின் தானாகவே நிரந்தரமாக அழிந்துவிடும். யாஹூவில் அந்தக் கெடு 7 நாள்கள் மட்டுமே. ஆர்க்கைவ் செய்த மடலுக்கு இப்படிப்பட்ட கெடு எதுவும் கிடையாது. நீங்களாக அழிக்காத வரையிலும், கணக்கு உயிரோடு இருக்கும் வரையிலும் அது இருக்கும்.

இப்படியொரு மூன்றாவது வழி ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சிறிய வரலாறு உண்டு. 2004க்கு முன்பு, பலரும் பயன்படுத்திய இலவச மின்னஞ்சல் சேவைகளில் ஒருவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது: ஹாட்மெயிலில் 2 மெகாபைட், யாஹூவில் 4 மெகாபைட். சில புகைப்படங்கள் வந்தாலே பெட்டி நிரம்பிவிடும். ஆகவே படித்ததை அழிப்பது அன்றாடப் பழக்கமாக இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 கிகாபைட் இடத்துடன் அறிமுகமானபோது அழிக்கவேண்டிய கட்டாயம் பெருமளவு மறைந்தது. ஆனால் எதையும் அழிக்காவிட்டால் மேசை குவிந்து போகுமே? அழிக்காமலே கண்ணிலிருந்து விலக்கி வைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழிதான் ஆர்க்கைவ் பொத்தானாக மக்களின் கைக்கு வந்தது.

இதுவரை பார்த்தது: ஆர்க்கைவ் செய்யும்போது மடல் இன்பாக்ஸிலிருந்து விலகுகிறது, அழிவதில்லை. டிராஷுக்குக் கெடு உண்டு, ஆர்க்கைவுக்கு இல்லை.

ஜிமெயிலின் வழி: ஒரே நூல், பல சீட்டுகள்

அலமாரி உவமை இதுவரைக்கும்தான் உதவும். ஜிமெயிலைப் புரிந்துகொள்ள வேறோர் உவமை வேண்டும்.

பழைய நூலகங்களில் இருந்த சீட்டுப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். நூல் அடுக்கில் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆனால் ஆசிரியர் பெயரில் ஒரு சீட்டு, தலைப்பில் ஒரு சீட்டு, பொருளில் ஒரு சீட்டு என்று அதைச் சுட்டும் சீட்டுகள் பல இருக்கும். நூலக வாசலில் "புதிய வரவுகள்" என்று ஒரு பலகை இருந்தால், அங்கேயும் அதற்கு ஒரு சீட்டு இருக்கும். சில வாரங்கள் கழித்து நூலகர் அந்தப் பலகையிலிருந்து சீட்டை எடுத்துவிடுகிறார். நூல் இடம் மாறியதா? இல்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறது. பலகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவருக்குத்தான் அது காணாமல் போனதாகத் தோன்றும்.

ஜிமெயில் இப்படித்தான் இயங்குகிறது. அங்கே மடல்கள் அனைத்தும் ஒரே பெருங்கிடங்கில் இருக்கின்றன. அந்தக் கிடங்கை முழுமையாகக் காட்டும் பட்டியலுக்கு ஆல் மெயில் என்று பெயர். ஒவ்வொரு மடலின் மீதும் லேபிள்கள், அதாவது அது எந்தெந்தப் பட்டியலில் தோன்றவேண்டும் என்று சொல்லும் சீட்டுகள், ஒட்டப்பட்டிருக்கும். இன்பாக்ஸ் என்பதும் அப்படிப்பட்ட ஒரு லேபிள்தான். ஆர்க்கைவ் பொத்தானை அழுத்தும்போது நடப்பது ஒன்றே ஒன்று: இன்பாக்ஸ் என்ற சீட்டு கிழிக்கப்படுகிறது. மடல் எங்கும் போவதில்லை. அதன்மேல் "குடும்பம்", "வங்கி" என்று நீங்கள் ஒட்டிய பிற லேபிள்கள் இருந்தால் அவையும் அப்படியே இருக்கும்.

ஜிமெயிலின் பக்கப் பட்டியலில் ஆர்க்கைவ் என்ற பெயரில் ஒரு பெட்டியைத் தேடி ஏமாறுவதற்குக் காரணம் இதுதான். எதுவும் எங்கும் நகர்த்தப்படாதபோது, நகர்த்தப்பட்ட இடம் என்று ஒன்று எப்படி இருக்கும்?

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இன்பாக்ஸில் இருக்கும் மடல் ஆல் மெயிலிலும் தோன்றும். அதைக் கண்டு, "ஒரே மடல் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்றை அழித்துவிடலாம்" என்று எண்ணி, ஆல் மெயிலில் உள்ளவற்றை மொத்தமாகத் தேர்ந்து நீக்கியவர்கள் உண்டு. அங்கே இருப்பது நகல் அல்ல. இருப்பதே ஒரு மடல்தான். அதை ஆல் மெயிலில் நீக்கினாலும் இன்பாக்ஸில் நீக்கினாலும் எல்லா இடத்திலிருந்தும் மறைந்து டிராஷுக்குப் போகிறது. அடுக்கிலிருந்து நூலையே எடுத்து எறிந்தபின் சீட்டுகளால் என்ன பயன்? அப்படிச் செய்துவிட்டவர்கள் அந்த 30 நாள் கெடுவுக்குள் டிராஷைத் திறந்து பார்க்கவேண்டும்.

ஆல் மெயிலில் தோன்றாதவை ஸ்பேமும் டிராஷும் மட்டுமே. நீங்கள் அனுப்பிய மடல்கள்கூட அதில் இருக்கும். அப்படியானால் ஆர்க்கைவ் ஆனதையும் ஆகாததையும் எப்படிப் பிரித்தறிவது? ஆல் மெயில் பட்டியலில், இன்பாக்ஸிலும் இருக்கும் மடல்களின் தலைப்புக்கு அருகே "இன்பாக்ஸ்" என்ற சிறிய பட்டை தெரியும். உங்களுக்கு வந்த மடலில் அந்தப் பட்டை இல்லையென்றால் அது ஆர்க்கைவ் ஆகியிருக்கிறது.

மற்றவர்களின் வழி: உண்மையாகவே நகரும் மடல்

அவுட்லுக், யாஹூ, ஐகிளவுட் ஆகிய சேவைகளும் பெரும்பாலான நிறுவன மின்னஞ்சல்களும் அலமாரி உவமைக்கு மிக நெருக்கமானவை. அங்கே ஃபோல்டர் என்பது ஓர் உண்மையான அடுக்கு. ஒரு மடல் ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரில் மட்டுமே இருக்கும். ஆர்க்கைவ் பொத்தான், மடலை இன்பாக்ஸிலிருந்து எடுத்து ஆர்க்கைவ் என்ற ஃபோல்டரில் வைக்கிறது. பக்கப் பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டினால் மடல் அங்கே இருக்கும். இதில் மறைபொருள் எதுவும் இல்லை.

குழப்பம் வேறோர் இடத்தில் எழுகிறது. ஒரே கணக்கைத் தொலைபேசியில் ஒரு செயலியிலும் கணினியில் வேறொரு செயலியிலும் திறப்பவர்களுக்குச் சில சமயம் இரண்டு, மூன்று ஆர்க்கைவ் ஃபோல்டர்கள் தோன்றும். சேவையகத்திலேயே மடல்களை வைத்துக்கொண்டு பல கருவிகளிலிருந்து அவற்றைப் பார்க்க உதவும் விதிமுறைக்கு ஐமேப் என்று பெயர். எந்த ஃபோல்டர் ஆர்க்கைவுக்கு உரியது என்று சேவையகம் செயலிக்குச் சொல்வதற்கான பொது முறை அதில் நெடுங்காலம் இல்லை. அது 2011இல்தான், ஆர்எஃப்சி 6154 என்ற ஆவணத்தின் வழியாக, வகுக்கப்பட்டது. அதற்கு முன்பும், அதைப் பின்பற்றாத இடங்களில் இன்றும், ஒவ்வொரு செயலியும் தன் விருப்பப்படி ஒரு பெயரில் ஃபோல்டரை உருவாக்கிக்கொள்கிறது. தண்டர்பேர்ட் செயலி ஒருபடி மேலே போய், ஆர்க்கைவ் செய்யும் மடல்களை ஆண்டுவாரியாகப் பிரித்து உள்ஃபோல்டர்களில் வைக்கும். ஆகவே ஒரு ஆர்க்கைவ் ஃபோல்டர் வெறுமையாக இருந்தால் மனம் தளராமல், அதே போன்ற பெயருடைய வேறு ஃபோல்டர் உண்டா, அதற்குள் ஆண்டுகளின் பெயரில் கிளைகள் உண்டா என்று விரித்துப் பாருங்கள்.

பதில் மடல் வரும்போதும் இரு முறைகளுக்கும் இடையே வேறுபாடு தெரியும். ஜிமெயில், ஒரே பொருளைப் பற்றிய மடல்களையும் பதில்களையும் சேர்த்து ஓர் உரையாடலாகக் காட்டுகிறது. ஆர்க்கைவ் செய்த உரையாடலுக்கு யாராவது பதில் எழுதினால், பழைய மடல்களோடு சேர்ந்து முழு உரையாடலும் இன்பாக்ஸுக்குத் திரும்பி வந்துவிடும். அப்படி வரவேண்டாம் என்று நினைப்பவர்களுக்காகவே மியூட் என்ற தனி வசதி இருக்கிறது. ஃபோல்டர் முறையிலோ புதிய பதில் மட்டும் இன்பாக்ஸில் வந்து நிற்கும். பழையவை ஆர்க்கைவ் ஃபோல்டரிலேயே இருக்கும். வாட்ஸ்அப்பின் ஆர்க்கைவுக்குப் பழகியவர்கள் மூன்றாவது வகையான நடத்தையை எதிர்பார்ப்பார்கள்: 2021 முதல் அங்கே ஆர்க்கைவ் செய்த உரையாடல், புதிய செய்தி வந்தாலும், இயல்பாக அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரே சொல், மூன்று நடத்தைகள்.

சுருக்கமாகச் சொன்னால், ஜிமெயிலில் ஆர்க்கைவ் என்பது ஒரு சீட்டை நீக்குவது. பார்க்கவேண்டிய இடம் ஆல் மெயில். மற்றப் பெரும்பாலான சேவைகளில் அது ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துவது. பார்க்கவேண்டிய இடம் ஆர்க்கைவ் ஃபோல்டர்.

"நான் செய்யவில்லையே!"

இப்படிச் சொல்பவர்களை நான் எப்போதும் நம்புகிறேன். ஏனெனில் மடல்கள் தாமாகவே ஆர்க்கைவ் ஆனதுபோல் தோன்றுவதற்கு மூன்று வழிகளாவது உண்டு.

முதலாவது, விரல். ஆண்ட்ராய்டு தொலைபேசியில் ஜிமெயில் செயலியைத் திறந்து, ஒரு மடலைப் பக்கவாட்டில் தள்ளினால் இயல்பான அமைப்பில் அது ஆர்க்கைவ் ஆகிவிடும். பட்டியலை மேலும் கீழும் உருட்டும்போது விரல் சற்றுச் சாய்ந்தாலே போதும். திரையின் அடியில் "செயல்தவிர்" என்ற வாய்ப்பு சில நொடிகள் தோன்றி மறையும். பேருந்தில் நின்றுகொண்டு பார்ப்பவர் அதைக் கவனிக்கப் போவதில்லை. அமைப்புகளில் ஸ்வைப் செயல்கள் என்ற பகுதிக்குச் சென்று, பக்கவாட்டுத் தள்ளலுக்கு எந்தச் செயலும் வேண்டாம் என்று மாற்றிவிடலாம். முதியவர்களின் தொலைபேசியில் இதை முதல் வேலையாகச் செய்து கொடுப்பது நல்லது என்பது என் கருத்து.

இரண்டாவது, ஐபோனில் உள்ள மெயில் செயலி. அதில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தவர்களுக்கு, குப்பைக்கூடைப் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு பெட்டியின் படம் இருக்கும். அதை அழுத்தினால் மடல் அழியாது, ஆர்க்கைவ் ஆகும். ஆண்டுக்கணக்கில் "அழித்துக்கொண்டே" இருந்தும் இடம் நிரம்பிவிட்டதே என்று வியப்பவர்களின் கணக்கைத் திறந்து பார்த்தால், அழித்ததாக நினைத்த அத்தனையும் ஆல் மெயிலில் இருக்கும். அந்தச் செயலியின் கணக்கு அமைப்புகளில், மேம்பட்டவை என்ற பகுதியில், நீக்கிய மடல்கள் ஆர்க்கைவுக்குப் போகவேண்டுமா அழித்தவற்றுக்குரிய பெட்டிக்குப் போகவேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவது, ஃபில்டர். இன்ன முகவரியிலிருந்து வருவதை இப்படிச் செய் என்று கணக்குக்கு முன்கூட்டியே கொடுத்து வைக்கும் கட்டளையே ஃபில்டர்; அவுட்லுக்கில் இதை விதி என்பார்கள். ஜிமெயில் ஃபில்டர்களில் "இன்பாக்ஸைத் தவிர்" என்றொரு தேர்வு உண்டு. அதைக் குறியிட்டால், அந்த மடல்கள் வந்த நொடியிலேயே ஆர்க்கைவ் ஆகிவிடும்; மேசையைத் தொடவே தொடாது. எப்போதோ விளம்பரங்களுக்காக வைத்த ஃபில்டர் ஒன்று, அதே நிறுவனம் அனுப்பும் ரசீதுகளையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பது அரிதான நிகழ்ச்சி அல்ல. "எனக்கு வரவே இல்லை" என்று ஒருவர் உறுதியாகச் சொல்லும்போது, முதலில் திறந்து பார்க்கவேண்டியது ஃபில்டர் பட்டியலைத்தான்.

அந்தப் பட்டியலில் நீங்கள் உருவாக்காத ஒரு ஃபில்டர் இருந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. பிறர் கணக்கைக் கைப்பற்றும் மோசடிக்காரர்கள், வங்கியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வரும் எச்சரிக்கைகள் உரியவரின் கண்ணில் படாமலிருக்க, இப்படிப்பட்ட கட்டளைகளை இரகசியமாக அமைப்பது அறியப்பட்ட உத்தி. ஃபில்டரை நீக்கினால் மட்டும் போதாது. கடவுச்சொல்லை மாற்றி, அறிமுகமில்லாத கருவிகளை வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கவேண்டும். கணக்கின் மடல்கள் வேறு முகவரிக்குத் தானாக அனுப்பப்படும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

தேடும் முறை

ஆல் மெயிலையோ ஆர்க்கைவ் ஃபோல்டரையோ திறந்து உருட்டிக்கொண்டே போவது, சென்ற வாரம் தொலைத்த மடலுக்குப் போதும். மூன்றாண்டுக்கு முந்தைய மடலுக்குத் தேடல் பெட்டிதான் வழி.

ஜிமெயிலின் தேடல், நீங்கள் வேறு எதையும் குறிப்பிடாவிட்டால், ஆர்க்கைவ் ஆனவற்றையும் சேர்த்தே தேடும். ஸ்பேமையும் டிராஷையும் மட்டும் விட்டுவிடும். தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள குறியைத் தட்டினால் ஒரு சிறு படிவம் விரியும். அனுப்பியவர், பெறுநர், தலைப்பு, சொற்கள், தேதி, இணைப்பு உண்டா என்பவற்றைத் தனித்தனியாக அதில் நிரப்பலாம். எங்கே தேடுவது என்ற தேர்வும் அதிலேயே இருக்கிறது. கடைசி முயற்சியாக ஸ்பேமையும் டிராஷையும் சேர்த்துத் தேடும்படி அங்கே மாற்றிக்கொள்ளலாம். அவுட்லுக்கில் கவனிக்கவேண்டியது தேடலின் எல்லை. "தற்போதைய ஃபோல்டர்" என்று இருந்தால், இன்பாக்ஸில் நின்றுகொண்டு தேடுபவருக்கு ஆர்க்கைவில் இருப்பது கிடைக்காது. "எல்லா ஃபோல்டர்களும்" என்று மாற்றவேண்டும்.

எதைக் கொண்டு தேடுவது என்பதில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மடலில் இருந்ததாக நாம் நினைக்கும் சொற்கள் பெரும்பாலும் நம்முடைய சொற்களாகவே இருக்கின்றன. எழுதியவர் வேறு சொல்லைப் போட்டிருப்பார். நாம் "பயணச்சீட்டு" என்று தேடுவோம், மடலில் "டிக்கெட்" என்றோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ் மடல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. "ஒப்பந்தம்" என்ற சொல் வாக்கியத்துக்குள் "ஒப்பந்தத்தை", "ஒப்பந்தத்தின்" என்று உருமாறி நிற்கும். தேடுபொறி சொல்லின் துண்டைக் கொண்டு முழுச்சொல்லைக் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எழுதப்பட்டிருக்கக்கூடிய வடிவங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இட்டுப் பார்க்கவேண்டும். ஆகவே சொல்லைவிட முகவரியையும் காலத்தையும் நம்புவது மேல். அனுப்பியவரின் முகவரியை இட்டு, ஏறத்தாழ எந்தக் காலம் என்று எல்லை வகுத்து, இணைப்பு இருந்தது நினைவிருந்தால் அதையும் குறியிட்டுவிட்டால், எஞ்சும் பட்டியல் கண்ணால் பார்த்துவிடக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடும்.

முகவரியும் மறந்துபோயிருந்தால், அதே நாளில் நடந்த வேறொன்றைப் பிடித்துக்கொள்ளலாம். நீங்கள் அந்த மடலுக்குப் பதில் எழுதியிருப்பீர்களா? அனுப்பியவை என்ற பட்டியலில் உங்கள் பதில் இருக்கும். அதன் அடியில் பெரும்பாலும் மூல மடலின் வாசகமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தொலைபேசியில் தேடிக் கிடைக்காததைக் கொண்டு எந்த முடிவுக்கும் வரவேண்டாம். தொலைபேசியிலும் கணினியிலும் உள்ள பல செயலிகள், இடம் கருதி அண்மைக்கால மடல்களை மட்டுமே இறக்கி வைத்திருக்கும். இணைய உலாவியில் கணக்கைத் திறந்து தேடினால்தான் சேவையகத்தில் உள்ள அனைத்தும் தேடலுக்கு உட்படும்.

திரும்பக் கொண்டுவருதல்

கண்டுபிடித்தபின் மீட்பது எளிது. ஜிமெயிலில் மடலைத் திறந்தோ தேர்ந்தெடுத்தோ "இன்பாக்ஸுக்கு நகர்த்து" என்பதைத் தட்டவேண்டும். தொலைபேசியில் அது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும். கிழித்த சீட்டு மீண்டும் ஒட்டப்படுகிறது, அவ்வளவே. ஃபோல்டர் முறையுள்ள சேவைகளில் மடலைத் தேர்ந்து, "நகர்த்து" என்பதில் இன்பாக்ஸைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கணினியில் என்றால் சுட்டியால் இழுத்து இன்பாக்ஸின் மீது விட்டாலும் போதும்.

இதைச் செய்து முடித்தபின் பலர் இன்பாக்ஸைத் திறந்து பார்த்து, "வரவில்லையே" என்று மறுபடியும் மறுபடியும் முயல்கிறார்கள். மடல் வந்துவிட்டது; ஆனால் பட்டியலின் உச்சிக்கு வரவில்லை. இன்பாக்ஸ் தேதிப்படி அடுக்கப்பட்டிருப்பதால், ஈராண்டுக்கு முன் வந்த மடல் ஈராண்டுக்கு முந்தைய இடத்தில்தான் போய் அமரும். நூறு பக்கங்களுக்கு அடியில் அது பத்திரமாக இருப்பதால் உங்களுக்கு என்ன பயன்? ஆகவே மீட்கும்போதே அதற்கு நட்சத்திரம் இடுங்கள், அல்லது படிக்காதது என்று குறியிடுங்கள். பிறகு நட்சத்திரமிட்டவை என்ற பட்டியலில் நேராக அதை அடையலாம். உடனே ஒருமுறை படிப்பதுதான் தேவை என்றால், இன்பாக்ஸுக்குக் கொண்டுவரவேண்டிய அவசியமே இல்லை. ஆர்க்கைவில் இருக்கும் மடலையும் அங்கிருந்தே படிக்கலாம், பதில் எழுதலாம், பிறருக்கு அனுப்பலாம்.

பல மடல்களைச் சேர்த்து மீட்பவர்கள், முதலில் தேடலால் பட்டியலைச் சுருக்கிக்கொண்டு, அதன்பிறகே அனைத்தையும் தேர்ந்தெடுக்கவேண்டும். ஆல் மெயிலைத் திறந்து அப்படியே எல்லாவற்றையும் இன்பாக்ஸுக்கு நகர்த்தினால், ஆண்டாண்டாக ஒதுக்கி வைத்தவை அனைத்தும் ஒரே நொடியில் மேசைமேல் கொட்டப்பட்டதுபோல் ஆகிவிடும்.

அதே பெயரில் இன்னும் இரண்டு

அலுவலகக் கணக்கு வைத்திருப்பவர்கள் கூடுதலாக இரண்டு ஏற்பாடுகளை அறிந்திருக்கவேண்டும்.

அவுட்லுக்கின் பழைய கணினிச் செயலியில் ஆட்டோஆர்க்கைவ் என்ற வசதி உண்டு. அது இயக்கப்பட்டிருந்தால், குறிப்பிட்ட காலத்துக்கு மேற்பட்ட மடல்களைச் சேவையகத்திலிருந்தே எடுத்து, அந்தக் கணினியின் வட்டில் உள்ள ஒரு கோப்பில் சேர்த்துவிடும். அந்தக் கோப்பு வகைக்குப் பிஎஸ்டி என்று பெயர். இதன் விளைவு பெரியது: அந்த மடல்கள் இணையத்தில் திறக்கும் கணக்கில் இருக்காது, தொலைபேசியிலும் இருக்காது. கணினி பழுதானாலோ மாற்றப்பட்டாலோ, அந்தக் கோப்பைத் தனியாக நகலெடுத்து வைக்காதவர் பழைய மடல்களை இழந்துவிடுவார். பழைய கணினியில் ஆவணங்கள் என்ற ஃபோல்டருக்குள், அவுட்லுக் கோப்புகளுக்கான உள்ஃபோல்டரில் இது பெரும்பாலும் இருக்கும். செயலியின் கோப்பு என்ற பட்டியலில், தரவுக் கோப்பைத் திறக்கும் வசதி வழியாக அதை மீண்டும் இணைத்தால், மடல்கள் பக்கப் பட்டியலில் ஒரு தனிக் கிளையாகத் தோன்றும். அங்கிருந்து தேவையானதை இன்பாக்ஸுக்கு இழுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் பழைய கணினியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் இந்தக் கோப்பைத் தேடிப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி அது.

மற்றொன்று ஆன்லைன் ஆர்க்கைவ். நிறுவனத்தின் நிர்வாகி ஒருவருக்கு ஒதுக்கித் தரும் இரண்டாவது அஞ்சல் பெட்டி இது. மைக்ரோசாஃப்டின் நிறுவனச் சேவையில், இந்த வசதி இயக்கப்பட்ட கணக்குகளுக்கு, ஈராண்டு கடந்த மடல்களைத் தானாகவே இந்தப் பெட்டிக்கு மாற்றுவது இயல்பான கொள்கையாக இருக்கிறது. இங்கே அழிவு எதுவும் நடப்பதில்லை. உங்கள் பெயருக்குக் கீழே தனிப் பெட்டியாக அது தெரியும். அது தெரியாவிட்டால் நிர்வாகியைக் கேட்பதே சரியான வழி.

ஆர்க்கைவ் தராத இரண்டு

முதலாவது, இடம். ஆர்க்கைவ் செய்த மடல் முன்பு பிடித்திருந்த அதே இடத்தைத்தான் இப்போதும் பிடிக்கிறது. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட், ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் ஃபோட்டோஸுக்கும் பொதுவானது. அதில் ஆர்க்கைவ் ஆனவையும் கணக்கிடப்படுகின்றன. இடம் வேண்டுமென்றால் பெரிய இணைப்புகள் உள்ள மடல்களைத் தேடி நீக்கி, டிராஷையும் காலிசெய்யவேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. ஆர்க்கைவ் என்ற சொல்லுக்கு ஆவணக் காப்பகம் என்ற பொருள் இருப்பதால், அங்கே வைத்தது அழியாது என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. ஆனால் அந்த மடலும் அதே கணக்கில், அதே கடவுச்சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கணக்கு பறிபோனால் அதுவும் பறிபோகும். கூகுளின் தற்போதைய கொள்கைப்படி, ஈராண்டுக் காலம் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கு, அதன் உள்ளடக்கத்தோடு நீக்கப்படலாம். ஆர்க்கைவ் ஆனவை அதற்கு விலக்கல்ல. வேறோர் இடத்தில் தனியாக வைத்திருக்கும் நகலுக்குத்தான் பேக்கப் என்று பெயர். கூகுளில் டேக்அவுட் என்ற சேவை வழியாக மடல்கள் அனைத்தையும் எம்பாக்ஸ் என்ற கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பிலேயே ஆர்க்கைவ் ஆன மடல்களும் சேர்ந்து வரும். லேபிள்களில் சிலவற்றை மட்டும் தேர்ந்து இறக்கவும் அதில் வழியுண்டு. அப்போது இன்பாக்ஸ் என்ற லேபிளை மட்டும் குறியிட்டுவிட்டால், சீட்டு கிழிக்கப்பட்ட மடல்கள் ஒன்றுகூட அந்தக் கோப்பில் இருக்காது.